அப்பா பட்டாளத்துக்காரர், இறந்து ஆறு மாதமாகிறது, அம்மாவுக்கு இன்னும் பென்ஷன் வரவில்லை: பஞ்சாயத்தில் ஏதாவது செய்ய முடியுமா?

எருத்தேம்பதி_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பா மதராஸ் ரெஜிமென்ட்டில் பதினேழு வருஷம் இருந்து நாயக் ரேங்க்கில் ஓய்வு பெற்றவர். கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து எருத்தேம்பதி எங்கள் ஊர். இங்கே வந்து தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன ஆடியில் தவறிவிட்டார். அவர் பென்ஷன் அந்த மாதமே நின்றுவிட்டது. அம்மாவுக்கு வரவேண்டிய குடும்ப பென்ஷன் இன்றுவரை வரவில்லை.

கட்டிலுக்கு அடியில் அப்பாவின் கருப்பு ட்ரங்குப் பெட்டி இருக்கிறது. மூடியில் அவருடைய நம்பர், ரேங்க், பெயர் எல்லாம் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியது, பாதி உதிர்ந்துவிட்டது. திறந்தால் பூச்சி உருண்டை வாசம். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், கேன்டீன் கார்டு எல்லாவற்றையும் பால் கவருக்குள் போட்டு ரப்பர் பேண்டு மாட்டி வைத்திருந்தார். ரப்பர் பேண்டு காகிதத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிரச்சினை பெயரில்தான். பட்டாளத்துப் பதிவில் அம்மா பெயர் 'அம்மாள்' என்று முடிகிறது. ஆதாரில் அந்த 'அம்மாள்' இல்லை, பின்னால் அப்பா பெயர் ஒட்டியிருக்கிறது. அப்பா பெயருக்கும் அதே கதை. பட்டாளத்தில் தாத்தா பெயரையும் சேர்த்து முழுசாக எழுதியிருக்கிறார்கள், மரணச் சான்றிதழில் வெறும் இனிஷியல். ரேஷன் கார்டில் மலையாளத்தில் எழுதி, அதிலிருந்து மறுபடி இங்கிலீஷுக்குப் போனதில் எழுத்தே மாறிவிட்டது. ஒரு ஆபீசில் 'இந்த ஆள் வேறு, அந்த ஆள் வேறு' என்று அம்மா முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். முப்பத்திரண்டு வருஷம் அவரோடு வாழ்ந்தவள். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

பாலக்காட்டுக்கும் சித்தூருக்கும் அலைந்து பஸ் காசுதான் போகிறது. நம் பஞ்சாயத்து ஆபீஸ் நடந்துபோகிற தூரம். அங்கே பட்டாளத்துக் குடும்பத்துக்கென்று ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு_ஹவில்தார்:

கண்ணு, முதலில் அம்மாவிடம் சொல்லு, பணம் எங்கேயும் போகாது. அப்பா இறந்த மறுநாளிலிருந்து கணக்குப் போட்டு நிலுவையோடு வரும். நான் இருபத்திநாலு வருஷம் முடித்து, அப்புறம் கண்ணூர் போய் டிஎஸ்சி என்கிற பாதுகாப்புக் காவல் படையிலும் இருந்து வந்தவன். நம் பக்கத்தில் இதுமாதிரி பதினோரு குடும்பத்துக்குக் காகிதம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அதில் எட்டு கேஸ் பெயர்க் குழப்பம்தான்.

மூன்று வாசல் இருக்கிறது, எந்த வேலைக்கு எந்த வாசல் என்று தெரியாமல்தான் எல்லாரும் அலைகிறார்கள். பென்ஷன் மத்திய அரசு. இப்போது எல்லாம் ஸ்பர்ஷ் என்ற கணினி முறையில் பிரயாக்ராஜிலிருந்து வருகிறது. மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி இதையெல்லாம் திருத்துவது ரெக்கார்டு ஆபீஸ். உங்கள் அப்பாவுக்கு அது நீலகிரியில் இருக்கிற வெலிங்டன். மேட்டுப்பாளையம் வழியாக ஒரு நாளில் போய் வந்துவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாவட்ட சைனிக் வெல்ஃபேர் ஆபீஸ், அதாவது முன்னாள் படைவீரர் நல அலுவலகம், நமக்குப் பாலக்காட்டில். அங்கேதான் அடையாள அட்டை, சிபாரிசுக் கடிதம், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம்.

பஞ்சாயத்து இந்த மூன்றிலும் இல்லை. அதனால் அங்கே போய்க் கேட்டால் 'நமக்குச் சம்பந்தமில்லை' என்பார்கள். ஆனால் நான் அப்படி விடமாட்டேன், ஏன் என்று சாயங்காலம் விவரமாக எழுதுகிறேன். இப்போது மோட்டார் போட்டிருக்கிறேன், தண்ணீர் பாய்ச்சணும்.

கோபாலபுரம்_தென்னை:

அக்கா, எங்கள் பெரியப்பா வீட்டில் வீட்டு வரி கட்டுவதில்லை. முன்னாள் படைவீரர் குடியிருக்கிற ஒரு வீட்டுக்குக் கேரளத்தில் வரிவிலக்கு உண்டு. தரைப்பரப்பு 2000 சதுர அடிக்கு மேல் போகக்கூடாது. அவர் இல்லாவிட்டால் மனைவிக்கும் உண்டு. சைனிக் ஆபீசில் சான்று வாங்கி பஞ்சாயத்து செக்ரட்டரிக்கு மனு கொடுக்கணும். இது பஞ்சாயத்து நேரடியாகச் செய்வது. உங்கள் அப்பா இதை வாங்கியிருந்தாரா?

எருத்தேம்பதி_மகள்:

இல்லை தம்பி. வருஷா வருஷம் வரி கட்டின ரசீது பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறார். அவருக்கே தெரியவில்லை போல. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டார், 'ஓசியில் எதுவும் வேண்டாம்' என்கிற ஆள்.

வேலந்தாவளம்_வாத்தியார்:

அது ஓசி அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன் அம்மா. இருபது வயதில் பனியில் நின்றவருக்குச் சட்டம் கொடுத்த உரிமை.

இன்னொன்று. சித்தூர் தாலூக்காவில் நாம் மொழிச் சிறுபான்மை. 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் இருக்கும் அரசு ஆபீசுகளுக்குத் தமிழிலேயே மனு கொடுக்கலாம், பதிலும் தமிழில் கேட்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி மலையாளத்தில் எழுதின விண்ணப்பத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமலேயே மூன்று வருஷம் கைநாட்டு வைத்திருக்கிறார். கணவர் சிப்பாய். அந்த அம்மாவின் மனுவைத் தமிழில் எழுதிப் படித்துக் காட்டியபோதுதான் 'இதில் என் மகள் பெயர் இல்லையே' என்றார். மூன்று வருஷமாக ஒரு மகள் இல்லாமலேயே அந்தக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

ஓய்வு_ஹவில்தார்:

சரி, தண்ணீர் பாய்ச்சியாயிற்று. விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பட்டாளத்துக்காரன் செத்த பிறகு அவன் குடும்பத்துக்கு வேண்டிய முதல் காகிதம் எது? மரணச் சான்றிதழ். அதைக் கொடுப்பது யார்? கேரளத்தில் பஞ்சாயத்து செக்ரட்டரிதான் பிறப்பு இறப்புப் பதிவாளர். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்? அதே மேஜை. 2008 விதிகளுக்குப் பிறகு கல்யாணப் பதிவும் அதே ஆபீஸ்தான். ஆக ரெக்கார்டு ஆபீசிலும் ஸ்பர்ஷிலும் போய் முட்டுகிற பெயர்கள் எல்லாம் முதலில் எழுதப்படுகிற இடம் நம் பஞ்சாயத்து ஆபீஸ். அங்கே எழுதும்போது சரியாக எழுதினால் அப்புறம் யாரும் அலையவேண்டாம்.

நடப்பது என்ன? சாவு வீடு. மூன்றாம் நாள் யாரோ ஒரு மச்சானோ சித்தப்பாவோ போய்ப் பெயர் சொல்லிவிட்டு வருகிறார். ஆதாரைக் காட்டுவார், அல்லது வாயில் சொல்வார். பென்ஷன் ஆர்டரைக் கையில் எடுத்துப்போகிறவர் ஒருத்தரும் கிடையாது. பட்டாளத்தில் எழுதியிருக்கிற பெயர் எது என்று கவுண்டரில் கேட்பவரும் கிடையாது. 21 நாளைக்குள் பதிந்தால் காசில்லை, அந்த அவசரத்தில் ஒரு இனிஷியல் விட்டுப்போகும். அந்த ஒரு எழுத்துக்கு விதவை ஒரு வருஷம் அலைவாள்.

நான் பஞ்சாயத்திடம் கேட்பது பணமில்லை. இறப்புப் பதிவு செய்ய வருகிறவரிடம் 'இறந்தவர் பட்டாளத்தில் இருந்தாரா?' என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் 'பென்ஷன் ஆர்டரைக் கொண்டுவாங்க, பெயரைப் பார்த்துவிட்டு எழுதலாம்' என்று ஒரு வார்த்தை. இதற்கு எந்த ஆர்டரும் வேண்டாம், எந்த நிதியும் வேண்டாம்.

கண்ணு, உன் கேசுக்கு: சான்றிதழில் தப்பிருந்தால் பதிவாளரே திருத்தலாம், சட்டத்தில் இடமுண்டு. அப்பாவின் டிஸ்சார்ஜ் புக் நகலை வைத்து மனு கொடு. அம்மா பெயருக்கு வில்லேஜ் ஆபீசில் 'இரண்டு பெயரும் ஒரே ஆள்' என்று ஒரு சான்று கொடுப்பார்கள், அட்சயா என்கிற அரசு இணையசேவை மையத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம். அதோடு ஒரு அபிடவிட். ரெக்கார்டு ஆபீசில் சில கேசுக்குப் பத்திரிகை விளம்பரமும் கேட்பார்கள், ஒரு இங்கிலீஷ் பேப்பர், ஒரு உள்ளூர் மொழிப் பேப்பர். விளம்பரத்துக்கு அவசரப்பட்டுக் காசு போடாதே. முதலில் சைனிக் ஆபீஸ் சிபாரிசோடு அனுப்பிப் பார், கேட்டால் அப்புறம் கொடுக்கலாம்.

முக்கியமாக, பென்ஷன் ஆர்டர் நம்பர், ஆதார், பேங்க் கணக்கு எதையும் இங்கே எழுதாதே. 'ஸ்பர்ஷிலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்க' என்று போன் வந்தால் உடனே வை. நம் ஆட்களையே குறிவைத்து அடிக்கிறார்கள்.

லெஸ்டர்_செவிலி:

கொழிஞ்சாம்பாறைக்காரிதான் நானும், இப்போது இங்கிலாந்தில் நர்ஸ் வேலை. ஹவில்தார் ஐயா சொன்ன அந்த 'ஒரு கேள்வி'யைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே எங்கள் வார்டில் நோயாளி சேரும்போது 'நீங்கள் ராணுவத்தில் இருந்தவரா?' என்று கேட்போம். நான் வந்த புதிதில் எதற்கு இந்தக் கேள்வி என்று நினைத்தேன். இங்கே 'ஆர்ம்டு ஃபோர்சஸ் கவனன்ட்' என்று ஒன்று இருக்கிறது. நாட்டுக்காகப் பணி செய்தவரும் அவர் குடும்பமும் அதனாலேயே மற்றவரைவிடப் பின்தங்கிவிடக்கூடாது என்று நாடு கொடுக்கிற வாக்கு. உள்ளூர் கவுன்சில்கள் எல்லாம் அதில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. முன்பு அது வெறும் வாக்குதான். 2021 சட்டத்துக்குப் பிறகு, 2022 நவம்பரிலிருந்து, வீடு, பள்ளிக்கூடம், மருத்துவம் மூன்றிலும் கவுன்சில் இதை மனதில் வைத்தே முடிவெடுக்கவேண்டும் என்பது சட்டக் கடமை.

உதாரணத்துக்கு, இங்கே கவுன்சில் வீடு வேண்டுமென்றால் அந்த ஊரோடு உனக்கு என்ன தொடர்பு என்று கேட்பார்கள். பட்டாளத்துக்காரன் ஊர் ஊராகப் போனவன், அவனுக்கு எந்த ஊர்த் தொடர்பு? அதனால் இங்கிலாந்தில் படையிலிருந்து வந்தவர் கேட்டால் அந்த நிபந்தனையை வைக்கக்கூடாது. முன்பு ஐந்து வருஷத்துக்குள் கேட்கவேண்டும் என்று இருந்தது, 2025இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். நிறைய கவுன்சில்களில் இதற்கென்றே ஒரு கவுன்சிலர் பொறுப்பாக இருப்பார். 2021 சென்சஸில்தான் முதன்முறையாக ராணுவத்தில் இருந்தீர்களா என்று கேட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 18.5 லட்சம் பேர் ஆம் என்றார்கள். அதற்கு முன்னால் எந்தத் தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கவுன்சிலுக்கே தெரியாது.

இங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதென்று சொல்லமாட்டேன். தெருவில் படுக்கிற பழைய சிப்பாய்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கேள்வி கேட்கிறார்கள். எருத்தேம்பதியில் எத்தனை பட்டாளத்து வீடு இருக்கிறதென்று நம் பஞ்சாயத்துக்குத் தெரியுமா?

கோபாலபுரம்_தென்னை:

தெரியாது அக்கா. நான் எண்ணிப் பார்த்தேன். எங்கள் ஒரு தெருவிலேயே ஏழு வீடு.

பழைய_வார்டுமெம்பர்:

நான் ஐந்து வருஷம் மெம்பராக இருந்தவன், அதனால் பஞ்சாயத்துப் பக்கத்தையும் சொல்கிறேன். எங்களுக்கு வருகிற பட்டியல்கள் விதவை பென்ஷன், முதியோர் பென்ஷன், வீடில்லாதவர் என்று வரும். முன்னாள் படைவீரர் என்று ஒரு பட்டியல் எங்கள் கைக்கு வந்ததே இல்லை. அந்த விவரம் சைனிக் ஆபீசில் இருக்கும், நாங்களும் கேட்டதில்லை. தப்பு எங்கள் பக்கமும் உண்டு.

வழி இருக்கிறது. கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும், வார்டு மெம்பர்தான் அதைக் கூட்டுகிறவர். அதில் யாராவது எழுந்து 'நம் வார்டில் பட்டாளத்துக் குடும்பங்களின் பதிவேடு ஒன்று வைக்கணும்' என்று தீர்மானம் சொன்னால் மினிட்ஸில் ஏறும். மினிட்ஸில் ஏறினால் பஞ்சாயத்துக் கமிட்டி அதைப் பேசியாகவேண்டும். என் காலத்தில் கிராம சபைக்கு வந்த பட்டாளத்துக்காரர்களை விரல்விட்டு எண்ணலாம். கொடி ஏற்ற மட்டும் கூப்பிடுகிறோம், அவர்களும் வந்து சல்யூட் அடித்துவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

முதலமடை_பேத்தி:

ஐயா, குறுக்கே கேட்கிறேன், மன்னியுங்கள். என் தாத்தா 1960களில் பட்டாளத்தில் சேர்ந்து சில வருஷத்திலேயே அனுப்பிவிட்டார்கள், பென்ஷன் கிடையாது. தாத்தா போய்விட்டார். பாட்டிக்கு எழுபத்தெட்டு. அவருக்கு ஏதாவது உண்டா? எல்லாரும் 'பதினைந்து வருஷம் சர்வீஸ் இல்லை, ஒன்றுமில்லை' என்றே சொல்லிவிட்டார்கள்.

ஓய்வு_ஹவில்தார்:

உண்டு கண்ணு, உண்டு! பதினைந்து வருஷம் என்பது பென்ஷனுக்கு. பென்ஷனே இல்லாத முன்னாள் படைவீரருக்கும் அவர் விதவைக்கும், 65 வயது தாண்டி வருமானமில்லாமல் இருந்தால், மத்திய அரசின் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. ஹவில்தார் ரேங்க் வரை. முன்பு மாதம் 4000 ரூபாய். 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கிற விண்ணப்பங்களுக்கு 8000. ஆயுள் முழுக்க. டிசம்பர் 7 கொடி நாளில் சட்டையில் குத்துகிற அந்தச் சின்னக் கொடிக்கு நாம் போடுகிற காசு போய்ச் சேர்கிற நிதியிலிருந்துதான் இது வருகிறது.

அதே வரிசையில் பிள்ளைகள் படிப்புக்கு மாதம் 1000 இருந்ததை 2000 ஆக்கினார்கள், இரண்டு பிள்ளை வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை. மகள் கல்யாணத்துக்கு 50,000 இருந்தது ஒரு லட்சம். எல்லாம் இணையத்தில் விண்ணப்பம், மாவட்ட சைனிக் ஆபீஸ் சரிபார்க்கும்.

தாத்தாவின் டிஸ்சார்ஜ் சான்று வேண்டும். இருக்கிறதா?

முதலமடை_பேத்தி:

பாட்டியிடம் கேட்டேன். சாமி படத்துக்குப் பின்னால் சட்டத்தோடு ஒட்டி வைத்திருக்கிறாராம். படத்தைக் கழற்றிப் பார்த்தோம், இருக்கிறது. ஓரம் கரையான் அரித்திருக்கிறது, நம்பரும் பெயரும் தெரிகிறது.

ஓய்வு_ஹவில்தார்:

நம்பர் தெரிந்தால் போதும். பிரிக்க முயற்சி பண்ணாதே, கிழியும். அப்படியே சட்டத்தோடு எடுத்துக்கொண்டு வா, கடையில் ஸ்கேன் பண்ணலாம்.

பொள்ளாச்சிக்கு_மாறியவர்:

ஒரு எச்சரிக்கை, எல்லைக்காரர்களுக்கு. நாங்கள் மீனாட்சிபுரத்திலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் வீடு மாறினோம். ஆதார் முகவரி தமிழ்நாடு, அடையாள அட்டை பாலக்காடு. வரிச்சலுகை, மாநில உதவி எதைக் கேட்டாலும் இரண்டு பக்கமும் 'அந்தப் பக்கம் போங்க' என்றார்கள். பாலக்காட்டில் பதிவை விடுவித்து, கோயம்புத்தூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் புதிதாகப் பதிந்த பிறகுதான் சரியாயிற்று. பென்ஷன், ஈசிஎச்எஸ் என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இரண்டும் மத்திய அரசு, அதற்கு எல்லை இல்லை. மாநிலம் கொடுப்பது எதுவாக இருந்தாலும் பதிவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அங்கேதான். வீடு மாறினால் முதல் மாதமே இதை முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நான்கு கிலோமீட்டர் மாறினதற்கு ஒன்றரை வருஷம் போனது.

வேலந்தாவளம்_வாத்தியார்:

எருத்தேம்பதி அம்மா, அம்மாவின் ஈசிஎச்எஸ் கார்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவைச் சார்ந்தவர் என்று இருப்பதைக் குடும்ப பென்ஷன்தாரர் என்று மாற்றவேண்டும். பென்ஷன் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, உடம்புக்கு முடியாதபோது ஆஸ்பத்திரி வாசலில் நிற்கவேண்டாம்.

எருத்தேம்பதி_மகள் (இரண்டு மாதம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பஞ்சாயத்தில் டிஸ்சார்ஜ் புக்கோடு போனேன். கவுண்டரில் இருந்த அம்மா முதலில் தயங்கினார். ஹவில்தார் ஐயா கூட வந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார். பட்டாளத்துக் குமாஸ்தா எழுதின நீல மை, நாற்பது வருஷத்துக்கு முந்தையது, இன்னும் மங்கவில்லை. அந்த அம்மாவும் எட்டிப் பார்த்து, 'இந்தப் பெயர்தானே, மனு எழுதிக் கொடுங்க' என்றார். தமிழில்தான் எழுதினேன். பன்னிரண்டு நாளில் திருத்தின சான்றிதழ் வந்தது. வில்லேஜ் ஆபீஸ் சான்றும் கிடைத்தது. எல்லாம் சேர்த்து சைனிக் ஆபீஸ் வழியாக வெலிங்டனுக்குப் போயிருக்கிறது. பத்திரிகை விளம்பரம் இதுவரை கேட்கவில்லை. பணம் இன்னும் வரவில்லை. ஆனால் ஸ்பர்ஷில் பார்த்தால் அம்மா பெயர் இப்போது ஆதாரில் இருக்கிற மாதிரியே வருகிறது. அதை அம்மாவுக்குப் போனில் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

கிராம சபைக்கும் போனோம், எங்கள் வார்டிலிருந்து ஒன்பது பட்டாளத்துக் குடும்பம். பதிவேடு தீர்மானம் மினிட்ஸில் ஏறியிருக்கிறது. கமிட்டி என்ன சொல்லும் என்று பார்க்கவேண்டும். அதுவரை சும்மா இருக்கவேண்டாம் என்று இறப்புப் பதிவுக் கவுண்டர் பக்கத்தில் ஒரு தாள் ஒட்ட அனுமதி கேட்டோம், கொடுத்தார்கள். 'இறந்தவர் ராணுவத்தில் பணிபுரிந்தவரா? பென்ஷன் ஆர்டரைக் காட்டிப் பெயரைச் சரிபார்த்துப் பதியவும்.' தமிழிலும் மலையாளத்திலும். எழுத்து வாத்தியார் ஐயாவுடையது.

பழைய_வார்டுமெம்பர்:

அடுத்த கமிட்டிக்கு நானும் வருகிறேன் அம்மா. கதவுக்கு வெளியிலாவது உட்கார்ந்திருப்பேன். அந்தத் தாளின் நகல் நான்கு கொடுங்கள், பக்கத்துப் பஞ்சாயத்துக்கும் கொண்டுபோகிறேன்.

முதலமடை_பேத்தி:

பாட்டியின் விண்ணப்பம் ஏற்றியாயிற்று. சரிபார்க்க பாலக்காடு வரச் சொல்லியிருக்கிறார்கள், புதன்கிழமை. பாட்டி அந்தச் சாமி படத்தையும் எடுத்துவரவேண்டும் என்கிறார், விடமாட்டேன் என்கிறார்.

ஓய்வு_ஹவில்தார்:

எடுத்து வரட்டும். ஏழரை மணி பஸ்ஸுக்கு சித்தூர் ஸ்டாண்டில் நிற்கிறேன். பாட்டியை முன் சீட்டில் உட்கார வை, படத்தை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்.